112 அடி நீள மனு
திவான்பகதூர் இரட்டைமலை சீனிவாசன் வாழ்க்கை

ஒரு மனு. அதன் நீளம் 112 அடி. அதில் 3,412 பேர் கையெழுத்து.

1893ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் தேதி சென்னை ராயப்பேட்டை வெஸ்லி மண்டபத்தில் கூடிய ஒரு கூட்டம் தீர்மானித்து, லண்டன் பார்லிமெண்டுக்கு அனுப்பிய மனு அது. அனுப்பியவர்கள் ஜமீன்தார்கள் அல்ல, வக்கீல்கள் அல்ல. ஊருக்கு வெளியே சேரியில் குடியிருந்த மக்கள். கோயில் தெருவில் நடக்கக் கூடாது, பொதுக்கிணற்றில் தண்ணீர் சேந்தக் கூடாது என்று விலக்கப்பட்டவர்கள்.

அத்தனை பேரையும் ஒரே காகிதத்தின் கீழ் கொண்டுவந்தவர் ஒரு கணக்கர். வெள்ளைக்காரர் கம்பெனியில் பேரேடு எழுதிப் பிழைத்தவர். பெயர் இரட்டைமலை சீனிவாசன்.

தாராவியிலும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலும் செம்பூரிலும் ஏப்ரல் 14 அன்று அண்ணல் அம்பேத்கர் படத்துக்கு மாலை போடும் நம்மவர்களில் பலருக்கு, லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ஒரு தமிழர் என்பது தெரியாது. அவர்தான் இவர்.

மணி அடித்த பிறகு வகுப்புக்கு

செங்கற்பட்டு மாவட்டம், மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்ற சிற்றூரில் 1859ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி பிறந்தார். 1860 என்று எழுதுவோரும் உண்டு. தந்தையார் பெயர் சடையன். ஊரில் வறுமை ஒரு பக்கம், சாதிக் கொடுமை ஒரு பக்கம். குடும்பம் தஞ்சாவூருக்குப் பெயர்ந்தது. பிறகு அங்கிருந்து கோயமுத்தூருக்கு. பிழைக்க ஊர் மாறுவது நமக்கு மட்டும் வந்த தலையெழுத்து அல்ல.

கோயமுத்தூர் கலாசாலையில் சுமார் 400 மாணவர்கள். பத்துப் பேர் போக மற்றவர்கள் எல்லாம் பிராமணப் பிள்ளைகள். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் சீனிவாசன். தாம் எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்பது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்ற அச்சம் அவரை விடவே இல்லை. பள்ளிக்கூடத்துக்குச் சீக்கிரம் போனால் மற்ற பையன்கள் பேச்சுக் கொடுப்பார்கள். எனவே வெளியே எங்காவது நின்று எதையாவது படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவார். விட்டதும் வேகமாக வீடு திரும்பிவிடுவார். விளையாட்டும் இல்லை, சிநேகிதமும் இல்லை. பிற்காலத்தில் தம் வரலாற்றை எழுதும்போது இதைத்தான் அவர் மிகுந்த துயரத்தோடு குறிப்பிடுகிறார்.

ஆனால் படிப்பை விடவில்லை. இங்கிலீஷ் வந்தது, கணக்கு வந்தது. நீலகிரியில் அப்போது ஐரோப்பிய வியாபாரக் கம்பெனிகள் பெருகியிருந்த நேரம். கணக்குத் தெரிந்த ஆளுக்கு அங்கே வேலை இருந்தது. வெள்ளைக்கார முதலாளி சாதி கேட்கவில்லை. சீனிவாசன் சுமார் 10 ஆண்டுகள் மலைமேல் கணக்கர் வேலை பார்த்தார்.

அதோடு நின்றிருந்தால் சௌகரியமான வாழ்க்கைதான். அந்தக் காலத்தில் அவருடைய மக்களில் எத்தனை பேருக்குக் கம்பெனி உத்தியோகம் கிடைத்தது? வேறு பேர் வைத்துக்கொண்டு, வேறு ஊரில் குடியேறி, பழைய உறவை அறுத்துக்கொண்டு வாழ்ந்துவிட வழி இருந்தது. அப்படிப் போனவர்களும் இருந்தார்கள். 1890ல் சீனிவாசன் மலையை விட்டு இறங்கிச் சென்னைக்கு வந்தார். கலாசாலையில் எதை மறைத்தாரோ, அதையே இனி விளம்பரப்படுத்துவது என்று முடிவு செய்துகொண்டு வந்தார்.

பத்திரிகைக்கு வைத்த பெயர்

1891ல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். (அம்பேத்கர் பிறந்ததும் அதே ஆண்டுதான்.) கிராமம் கிராமமாகப் போய் மக்களின் நிலையை விசாரித்தார். 1893ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு பத்திரிகை தொடங்கினார். நான்கு பக்கம், மாதம் ஒரு இதழ், விலை 2 அணா. பெயர் 'பறையன்'.

அந்தப் பெயரைக் கண்டு உள்ளேயும் வெளியேயும் முணுமுணுத்தார்கள். அவருடைய தங்கையை மணந்தவரும் பெரிய தமிழ்ப் புலவருமான அயோத்திதாச பண்டிதருக்கே இந்தப் பெயரில் உடன்பாடு இல்லை. பிறர் இழிவாகச் சூட்டிய பெயர் நமக்கு எதற்கு என்பது பண்டிதர் கட்சி. தன் பெயரைச் சொல்ல வெட்கப்படுகிறவன் தன் உரிமையைக் கேட்க எப்படி முன்னே வருவான் என்பது சீனிவாசன் கட்சி. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் வகுப்பறைக்கு வெளியே ஒளிந்து நின்ற பையன்தான் பத்திரிகைக்கு அந்தப் பெயரை வைத்தார் என்பதை நினைத்துப் பார்த்தால், அது பிடிவாதம் அல்ல என்று புரியும்.

முதல் இதழ் இரண்டே நாளில் சென்னையில் மட்டும் 400 பிரதிகள் விற்றுப் போயிற்று. படிக்கத் தெரிந்தவர்களே குறைவாக இருந்த ஒரு சமுதாயத்தில் 400 பிரதி! ஒருவர் வாசிக்க, சுற்றி உட்கார்ந்து பலர் கேட்டிருப்பார்கள். மூன்று மாதத்தில் மாதப் பத்திரிகை வாரப் பத்திரிகை ஆயிற்று. இரண்டு ஆண்டில் சொந்த அச்சுக்கூடம் வந்தது.

1896ல் வழக்கும் வந்தது. பத்திரிகையில் வெளிவந்த ஒரு கடிதத்துக்காக ஆசிரியரைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். 100 ரூபாய் அபராதம். 2 அணா பத்திரிகை நடத்துகிறவருக்கு 100 ரூபாய் என்பது சாதாரணத் தொகை அல்ல. வழக்குப் பார்க்க வந்திருந்த அவருடைய மக்களே அதைத் திரட்டிக் கட்டினார்கள்.

பம்பாயில் அம்பேத்கர் 'மூக்நாயக்' என்ற மராத்திப் பத்திரிகையைத் தொடங்கியது 1920ல். அதற்கு 26 ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் இந்தத் தமிழ்ப் பத்திரிகை நடந்துகொண்டிருந்தது.

மனுவில் என்ன இருந்தது?

இனி அந்த 112 அடி மனுவுக்கு வருவோம். இன்று படிக்கிறவர்களுக்கு இது சற்று முரணாகத் தோன்றும்.

ஐ.சி.எஸ். பரீட்சை அந்நாளில் லண்டனில் மட்டுமே நடந்தது. கலெக்டர் ஆக வேண்டுமானால் கப்பல் ஏற வேண்டும். இந்தியாவிலும் அதே நேரத்தில் பரீட்சை வைக்க வேண்டும் என்பது காங்கிரசின் கோரிக்கை. 1893 ஜூனில் பார்லிமெண்டின் காமன்ஸ் சபையும் அதற்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டுவிட்டது. நாடே மகிழ்ந்தபோது, கூடாது என்று மனுப்போட்டவர் சீனிவாசன்.

வெள்ளைக்காரன் வால் பிடித்தார் என்று இதை வைத்து அவரை ஏசியவர்கள் உண்டு. ஆனால் சேரியில் நின்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருந்தது. பரீட்சை இங்கே வந்தால் எழுதப் போகிறவர் யார்? ஏற்கெனவே படித்தவர். படித்தவர் யார்? கோயமுத்தூர் கலாசாலையில் 400க்கு 390. கிராமத்தில் மணியக்காரரும் கர்ணமும் மேல்சாதி. தாசில்தாரும் மேல்சாதி. அவர்களுக்கு மேலே சேரிக்காரன் முறையிட்டுக்கொள்ள மிச்சம் இருந்தவர், சாதி கட்டுப்பாட்டுக்குள் வராத கலெக்டர் ஒருவர்தான். 1892ல் செங்கற்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையின் பேரில்தான் நிலமில்லாத தாழ்த்தப்பட்டவர்களுக்குப் பஞ்சமி நிலம் கொடுக்க அரசு உத்தரவிட்டிருந்தது. அந்தக் கடைசிக் கதவும் மூடிவிடக் கூடாது என்பதுதான் மனுவின் சாரம். முதலில் எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வரட்டும், பிறகு பரீட்சை வரட்டும் என்பது அவர் நிலை.

ஜெனரல் சர் ஜார்ஜ் செஸ்னி என்ற பார்லிமெண்டு உறுப்பினர் மூலம் மனு லண்டன் சேர்ந்தது. ஐ.சி.எஸ். பரீட்சை இந்தியாவில் நடக்கத் தொடங்கியது 1922ல்தான். அதற்குப் பல காரணங்கள். ஒரு மனுவால் அது நின்றது என்று சொல்ல முடியாது. ஆனால் தாழ்த்தப்பட்ட மக்கள் என்று ஒரு கட்சி இருக்கிறது, அதற்குச் சொந்தமாக ஓர் அபிப்பிராயம் இருக்கிறது என்பது லண்டன் வரை பதிவாயிற்று.

அவரிடம் பணம் இல்லை, ஆள்பலம் என்று சொல்லத்தக்கது இல்லை. ஓட்டுரிமையே இல்லாத காலம். இருந்தது மூன்று: அச்சு, தபால், மனுப்போடும் உரிமை. வெள்ளைக்கார அரசு எல்லாருக்கும் பொதுவாகத் திறந்து வைத்திருந்த இந்த மூன்று வாசலையும் அவரைப்போல் உபயோகித்தவர் அவர் காலத்தில் அவர் மக்களிடையே வேறு எவரும் இல்லை என்றே சொல்லலாம். ரேஷன் கார்டுக்கும் பள்ளிக்கூட அட்மிஷனுக்கும் பக்கத்து வீட்டாருக்கு மனு எழுதித் தரும் குமாஸ்தா நண்பர்கள் நம்மிடையே ஒவ்வொரு சாலிலும் இருக்கிறார்கள். அவர்கள் செய்கிற அதே வேலைதான். அதை அவர் ஒரு சமுதாயம் முழுமைக்கும் செய்தார்.

கடல் கடந்து

1900ல் லண்டனுக்கே நேரில் போய் முறையிடுவது என்று புறப்பட்டார். லண்டன் எட்டவில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் தங்கி வேலை பார்த்தார். அங்கிருந்து தென்னாப்பிரிக்கா சென்றார். பத்திரிகை 1900ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அது பெரிய நஷ்டம் என்பதை மறைப்பதற்கில்லை. தலைவர் இல்லாத ஊரில் சபையும் தளர்ந்தது.

நேட்டாலில் 1860 முதலே தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களில் இருந்தார்கள். கங்காணி அடித்தாலும், சம்பளம் பிடித்தாலும், ஓடிப்போனதாகப் பிடிபட்டாலும் கோர்ட்டுக்குத்தான் வர வேண்டும். நீதிபதிக்குத் தமிழ் தெரியாது, கூலிக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் ஒருவர் நின்று சொல்ல வேண்டும். சீனிவாசன் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். நேட்டால் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம்.

மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லை விட்டுவிட்டால் ஒரு மனிதன் சிறைக்குப் போவான். பாஷை தெரியாத ஊரில் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றவர்களுக்கு அந்த உத்தியோகத்தின் பெருமை சொல்லாமலே விளங்கும்.

அதே கோர்ட்டுகளில் வக்கீலாக வந்துபோனவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. காந்திக்குத் தமிழ் கற்றுக்கொள்ள ஆசை. கட்சிக்காரர்களில் பெரும்பகுதி தமிழர்கள் ஆயிற்றே! அவருக்குத் தமிழில் கையெழுத்துப் போடவும் திருக்குறளும் சொல்லிக் கொடுத்தவர் சீனிவாசன் என்று சொல்லப்படுகிறது. மோ.க. காந்தி என்று காந்தியார் தமிழில் கையெழுத்திடுவதை நாம் படங்களில் பார்த்திருக்கிறோம். இதே இருவர் கால் நூற்றாண்டு கழித்து எதிரெதிர்க் கட்சியில் நிற்கப் போகிறார்கள்.

சட்டசபையில்

சுமார் 20 ஆண்டு வெளிநாட்டு வாழ்க்கைக்குப் பிறகு 1921ல் ஊர் திரும்பினார். வயது 60ஐத் தாண்டிவிட்டது. மற்றவர் பென்ஷன் வாங்கித் திண்ணையில் உட்காரும் வயதில் அவர் இரண்டாவது முறை தொடங்கினார்.

காலம் மாறியிருந்தது. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் சென்னைச் சட்டசபையில் தாழ்த்தப்பட்டவர்களுக்கு நியமன இடங்கள் கிடைத்திருந்தன. எம்.சி. ராஜா அங்கே குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். 1923ல் சீனிவாசனும் நியமிக்கப்பட்டார்.

1924ல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையிலோ தெருவிலோ எவரும் நடக்கத் தடையில்லை. பொதுக் கிணறு, குளம், பொதுக் கட்டடங்களை எல்லாச் சாதியாரும் உபயோகிக்கலாம் என்பது தீர்மானம். சபை ஏற்றது. அரசு அதை உத்தரவாக்கியது.

பம்பாய்ச் சட்டசபையில் இதே பொருளில் எஸ்.கே. போலே தீர்மானம் கொண்டுவந்தது 1923ல். அந்தத் தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் 1927ல் மகாட் ஊர்க் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் குடித்தார். ஏட்டில் உரிமை வந்தால் போதாது, காலை எடுத்து வைத்தால்தான் அது உரிமை என்பதை மகாட் காட்டியது. சென்னை மாகாணத்திலும் உத்தரவு வந்த பிறகு பல கிராமங்களில் தெருக்கள் திறக்கவில்லை. திறக்கப் போனவர்கள் அடிபட்டார்கள். ஆனாலும் அடித்தவன் சட்டப்படி குற்றவாளி ஆனான். முன்பு நடந்தவன் அல்லவா குற்றவாளி!

ராஜ உடையில் இருந்தவரிடம்

1930 நவம்பர் 12. லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தொடங்கி வைக்கிறார். தாழ்த்தப்பட்டவர்களின் பிரதிநிதிகள் இருவர். ஒருவர் பம்பாய் டாக்டர் அம்பேத்கர், வயது 39. பரேல் சாலில் ஒற்றை அறையில் இருந்து எல்பின்ஸ்டன் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்ப் படித்தவர். இன்னொருவர் சென்னை ராவ்பகதூர் சீனிவாசன், வயது 70ஐ ஒட்டி. 30 ஆண்டுகளுக்கு முன் போக நினைத்த ஊருக்கு ஒருவழியாக வந்து சேர்ந்தார்.

மன்னர் பிரதிநிதிகளைச் சந்தித்தபோது, தீண்டாமை என்றால் என்ன என்று சீனிவாசனிடம் விசாரித்தார். அவர் நீண்ட வியாக்கியானம் செய்யவில்லை. தெருவில் எங்களில் ஒருவன் விழுந்து கிடந்தால் மேல்சாதிக்காரர் தூக்கிவிட மாட்டார் என்று விளக்கினார். மன்னர் திடுக்கிட்டார். மன்னர் கைகொடுத்தபோது, தாம் தீண்டத்தகாதவர் என்று சொல்லிச் சீனிவாசன் கை நீட்டாமல் நின்றதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது.

இருவரும் சேர்ந்து ஒரு கோரிக்கைப் பத்திரம் கொடுத்தார்கள். சம குடியுரிமை, தீண்டாமைக்குத் தண்டனை, உத்தியோகத்தில் பங்கு, சட்டசபையில் போதிய இடம் என்று அதில் வரிசையாக இருந்தது. வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு வேண்டும் என்றும் கேட்டார்கள். 1931ல் இரண்டாம் மாநாட்டுக்கும் இருவரும் சென்றார்கள். அங்கே காந்தியார் தனித் தொகுதியைக் கடுமையாக எதிர்த்தார்.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு தனித் தொகுதி முறையில் 71 இடங்கள் கொடுத்தது. காந்தியார் எரவாடா சிறையில் செப்டம்பர் 20ஆம் தேதி உண்ணாவிரதம் தொடங்கினார். பம்பாயிலும் பூனாவிலும் தலைவர்கள் இரவு பகலாகப் பேசினார்கள். செப்டம்பர் 24ஆம் தேதி பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தனித் தொகுதி போயிற்று. பொதுத் தொகுதியில் தனி இடங்கள் 148 ஆயின. சென்னை மாகாணத்துக்கு 30, சிந்து சேர்ந்த பம்பாய்க்கு 15. அம்பேத்கர், ராஜாஜி, எம்.சி. ராஜா ஆகியோர் கையெழுத்தோடு சீனிவாசன் கையெழுத்தும் அதில் இருக்கிறது. நேட்டாலில் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர், அந்த மாணவரின் உயிரைக் காக்க, கேட்டு வாங்கியதை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டார்.

லாபமா நஷ்டமா என்று 90 ஆண்டுக்கு மேலாக வாதம் நடக்கிறது. எண்ணிக்கை இரட்டிப்பாயிற்று, ஆனால் தேர்ந்தெடுப்பது மற்றவர் ஓட்டு என்றாயிற்று. அம்பேத்கரே பின்னாளில் இதைக் கசப்போடு எழுதினார். இன்று நாம் காணும் தனித் தொகுதிகள் எல்லாம் இதன் வழிவந்தவை. தாராவி சட்டமன்றத் தொகுதியும் அப்படிப்பட்ட தனித் தொகுதிதான்.

ஆனால் அதே தாராவியில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் திருநெல்வேலி ஆதிதிராவிடக் குடும்பத்துப் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வாங்குவது எத்தனை பாடு என்பது வாசகர்களுக்குத் தெரியும். 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதிக்கு முன்பே குடும்பம் இந்த மாநிலத்தில் குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். ஒரு மாநிலத்துச் சலுகை இன்னொரு மாநிலத்துக்குக் கூடவே வராது என்று 1994ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அது மகாராஷ்டிரத்திலிருந்து போன வழக்கு. தாத்தாவின் மில் அடையாளச் சீட்டு, தோல் கிடங்குச் சம்பளச் சீட்டு, பள்ளிக்கூடப் பதிவேடு என்று எதையாவது பத்திரமாக வைத்திருந்த குடும்பம் தப்பித்தது. சீனிவாசன் கட்டுக் கட்டாகக் காகிதங்களைச் சேர்த்துவைத்த மனிதர்.

மதம் மாறலாமா?

1935ல் இயோலா மாநாட்டில், தாம் இந்துவாகச் சாகப் போவதில்லை என்று அம்பேத்கர் அறிவித்தார். சீனிவாசன் இதை ஏற்கவில்லை. நாம் வருணத்துக்குள்ளேயே இல்லாதவர்கள், இந்து மதத்தில் இருந்தால்தானே அதை விட்டு மாற வேண்டும் என்பது அவர் வாதம். அம்பேத்கரோடு லண்டனுக்கு இரு முறை போனவர், அம்பேத்கர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டவில்லை. அதனால் நட்பு முறிந்ததாகவும் இல்லை.

1926ல் ராவ்சாகிப், 1930ல் ராவ்பகதூர், 1936ல் திவான்பகதூர் என்று பட்டங்கள் வந்தன. பட்டத்தை வைத்து அவரை அளக்க வேண்டியதில்லை. அரசாங்கத்திடம் பெற வேண்டியதை நயமாகப் பெற்றார், அவ்வளவுதான். திராவிடமணி என்றும் அவரை அழைத்தார்கள்.

1937ல் பூனா ஒப்பந்தப்படி தேர்தல் நடந்தது. 30 பேர் சென்னைச் சட்டசபைக்குப் போனார்கள். அவர்களில் வி.ஐ. முனுசாமிப் பிள்ளை ராஜாஜி மந்திரிசபையில் மந்திரி ஆனார். 1893ல் கையெழுத்திட்ட 3,412 பேரில் யாராவது அதைப் பார்க்க உயிரோடு இருந்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள்!

1939ல் தம் வாழ்க்கையை 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்று சிறு புத்தகமாக எழுதினார். பெயருக்கு ஏற்பச் சுருக்கமானது. தம்மைப் பற்றிக் கொஞ்சமும், சபை, மனு, பத்திரிகை பற்றி மிகுதியும் எழுதியிருக்கிறார். கோயமுத்தூர் கலாசாலைப் பையனை நாம் அறிவது அந்தப் புத்தகத்தால்தான்.

1945ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் தேதி சென்னையில் காலமானார். 2000ஆம் ஆண்டு தபால் இலாகா அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது. சென்னை கிண்டியில், காந்தி மண்டப வளாகத்தில் தமிழக அரசு அவருக்கு நினைவு மண்டபம் கட்டியிருக்கிறது. விடுமுறைக்கு ஊர் போகும் வழியில் சென்னையில் இறங்குகிறவர்கள் போய்ப் பார்க்கலாம்.